கழுவிக் கவிழ்த்த மண்சட்டி

அன்புள்ள மகனுக்கு,

தங்கவயலிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. உன் கல்யாணத்துக்குப் பேசிய மேளக்காரர்களோடு உன் சிநேகிதர்கள் போட்ட சண்டையைக் கேட்டு வெகு நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருந்தாய். தாலி கட்டும்போது நாத்தனார் முடிச்சை அஞ்சலை அக்கா போட வேண்டாம், சித்தப்பா மகள் போடட்டும் என்று பெண் வீட்டார் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். ஆம்பூரில் யாரோ அவர்களிடம் அவள் செத்துப் பிழைத்தவள் என்று சொன்னார்களாம். "அது உண்மையா அம்மா, நான் அவர்களுக்கு என்ன பதில் சொல்ல?" என்று கேட்டிருக்கிறாய். இந்த வீட்டில் அவள் மடியில் வளர்ந்தவன் நீ. இத்தனை வருஷத்தில் அவள் எங்கிருந்து வந்தாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டில் கூரை எப்படி வந்தது என்று குழந்தைகள் கேட்பதில்லையே, அதுபோலத்தான். இப்போது கேட்டுவிட்டாய். சொல்லலாமா என்று அவளிடமே கேட்டேன். "சொல்லும்மா, அவனுக்குத் தெரியட்டும்" என்றாள். அதனால் சொல்கிறேன்.

உன் அப்பா அப்போது ஆம்பூரில் பள்ளிக்கூட வாத்தியார். வேலூரில் சில அம்மாமார்கள் சேர்ந்து, திக்கற்ற பிள்ளைகளுக்காக ஒரு சிறிய இல்லம் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஆம்பூர்ப் பக்கத்து வீடுகளைப் போய்ப் பார்த்துவரும் வேலையை நான் ஏற்றுக்கொண்டிருந்தேன். பெரிய வேலை என்று யாரும் அதை நினைக்கவில்லை. அம்மாக்காரி வேலைக்குப் போகும்போது குழந்தை அழாமலிருக்க அபின் கொடுக்கிற வீடுகள் இருந்தன. தோல் பதனிடுகிற தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கிக் காலெல்லாம் வெந்துபோன சிறுபிள்ளைகள் இருந்தார்கள். நான் போவேன், உட்காருவேன், பேசுவேன், புண்ணுக்கு மருந்து போடுவேன், மறுபடி போவேன். அந்த வேலையில் நான் கற்றது ஒன்றுதான். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் எதையாவது சொல்லிவிடுவார்கள். ராத்திரி யார் எங்கே படுக்கிறார்கள் என்று கேட்டால் பேச்சு தடுமாறும். தடுமாறுகிற இடத்தில்தான் நமக்கு வேலை இருக்கும்.

அந்தக் கோடையில் வாந்திபேதி வந்தது. தோல்ஷாப்புக்குப் பின்னாலிருந்த வேலைக்காரர் குடிசைகளில்தான் ஜாஸ்தி. தூக்கிப்போக ஆள் இல்லை. பாலாற்று மணலில் பிணங்களைப் பாயில் சுற்றி வைத்துவிட்டு, குழி வெட்ட வேண்டியவனே விழுந்துபோனான் என்று சொன்னார்கள். நோய் அடங்கிய பிறகு, தாய் தகப்பன் இல்லாமல் நின்றுவிட்ட பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவர எனக்குச் சொல்லியனுப்பினார்கள். அப்போது நீ என் வயிற்றில் இருந்தாய். ஆறாவது மாதம். வயிற்றுப் பிள்ளைக்காரி அந்தப் பக்கம் போகலாமா என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்டார்கள். உன் அப்பா மட்டும் கேட்கவில்லை. குடையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

கோவிந்தன் என்பவன் வீட்டுக்கு அப்படித்தான் போனேன். அவன் தோல் உலர்த்துகிற வேலை செய்பவன். அவன் பெண்டாட்டி முனியம்மா வாசலில் உட்கார்ந்து கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். மூத்தவளுக்கு ஆவணியில் கல்யாணம் என்றாள். தூளியில் ஒரு ஆண்குழந்தை. நடுவில் அஞ்சலை என்று ஒருத்தி இருந்தாள், பேதியில் போய்விட்டாள் என்று அடங்கிய குரலில் சொன்னாள். "ஆத்துல வச்சிட்டு வந்தாங்க. காலைல குழி வெட்டப் போனா பாய் மட்டும்தான் இருந்துச்சு. நரி இழுத்துட்டுப் போயிருக்கும்னாங்க." அதற்குமேல் அவளை நோண்ட எனக்கு மனம் வரவில்லை. வழக்கம்போல், யார் எங்கே படுக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். "மூத்தவ உள்ள. நான் கைப்புள்ளயோட கதவண்ட. அஞ்சல..." என்று ஆரம்பித்தவள் முறத்தை வேகமாகத் தட்டினாள்.

பொழுது சாயும் நேரம். நான் கிளம்ப எழுந்தேன். முனியம்மா ஒரு மண்சட்டியில் கூழை ஊற்றி, ஒரு வெங்காயத்தையும் வைத்து, கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வேலியோரம் வைத்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் வந்து கதவைச் சாத்தினாள். "யாருக்கு?" என்றேன். "பூவாடைக்காரிக்கு" என்றாள். கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்ணை வீட்டுத் தெய்வமாக்கிக் கும்பிடுவது நம் பக்கத்து வழக்கம்தான். ஆனால் நல்ல காரியத்துக்கு முன்னால் ஒருதரம் புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். பொழுதுக்குப் பொழுது கூழ் வைத்து நான் பார்த்ததில்லை. "தினமுமா வைக்கிற?" என்று கேட்டேன்.

"தினமும் பசிக்குமில்ல" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது போலிருந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். "காலைல பாத்தா சட்டி கழுவிக் கவுத்து வச்சிருக்கும்க்கா. நாயி, பூனை இன்னா கழுவியா வைக்கும்? நான் தண்ணிக்குப் போயிருப்பேன். புள்ள அழுவுற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேக்கும். ஓடியாந்து பாத்தா தூளி ஆடிக்கிட்டிருக்கும். புள்ள தூங்கிப்போயிருக்கும். ஊட்ல யாரும் இருக்க மாட்டாங்க."

"பயமா இல்லையா?"

"மொதல்ல இருந்துச்சு. இப்பல்லாம் தண்ணிக்குப் போனா மெதுவாதான் வர்றேன்."

அவள் அதைச் சொன்னபோது நீ உள்ளே ஒருதரம் புரண்டாய். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். "செத்தவர்கள் பாத்திரம் கழுவுவார்கள் என்று நான் கேள்விப்பட்டதில்லை" என்றார் அவர்.

மறுநாள் விசாரித்துப் பார்க்கத் தோல்ஷாப்புக்குப் போனேன். தோல் பதனிட உதவும் ஆவாரம்பட்டையை அடுக்கி வைக்கும் பழைய கொட்டகை ஒன்று ஆற்றுப்பக்கம் தனியாக இருந்தது. பேதி வந்ததிலிருந்து அதில் ஆள் போவதில்லை. உள்ளே ஒரு பெண்பிள்ளை தனக்குள் பேசிக்கொள்வது கேட்கிறது என்று கூலிக்காரர்கள் சொன்னார்கள். காவல்காரர் காசிம் பாய் என்னைத் தடுத்தார். "அம்மா, புள்ளத்தாச்சி நீங்க. அங்க போவாதீங்க. அப்புறம் பேஜாராயிடும்." நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "பாத்தா இன்னா பண்றது? நான் அந்தப் பக்கம் பாக்கறதில்ல. எங்க வீட்ல ரொட்டி மிச்சமிருந்தா கொட்டக ஜன்னல்ல வைக்கச் சொல்வாங்க, வைப்பேன்." ஊர் முழுக்க அப்படித்தான் இருந்திருக்கிறது. எல்லோரும் வைத்திருக்கிறார்கள். ஒருவரும் பார்க்கவில்லை.

உச்சிப்பொழுது. வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. கொட்டகைக்குள் நுழைந்ததும் கண் இருட்டிவிட்டது. பட்டையின் துவர்ப்பு வாடை தொண்டையில் ஒட்டியது. கூரை ஓட்டையிலிருந்து இறங்கிய வெளிச்சத்தில் தூசு நின்றபடி மிதந்தது. எனக்குப் பயமாக இருந்தது, மகனே, அதை மறைப்பானேன். கொஞ்ச நேரத்தில் பட்டை அடுக்குகளுக்கு நடுவே ஏதோ நகர்ந்தது. தலையிலிருந்து கால்வரை பட்டைத் தூசு படிந்து, முகமும் முடியும் ஒரே நிறமாக ஒரு பெண்பிள்ளை நின்றாள். ஒன்பது வயது இருக்கும். கண்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. அவள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னாலிருப்பதைப் பார்ப்பது போலப் பார்த்தாள். நான் அவள் கண்ணையே பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"உன் கண்ணுக்கு என்னைத் தெரியுதா?" என்றாள்.

"தெரியுதே."

"அப்ப நீயும் செத்துட்டியா?"

அந்தக் கேள்வியை அவள் பயமுறுத்தவோ விளையாடவோ கேட்கவில்லை. துணைக்கு ஒருத்தி கிடைத்தாளா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் தரையில் உட்கார்ந்தேன். அவளும் எட்ட உட்கார்ந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஆற்று மணலில் விழித்தபோது குளிராக இருந்ததாம். பக்கத்தில் படுத்திருந்தவர்களைக் கூப்பிட்டாளாம், யாரும் எழவில்லையாம். பாயிலிருந்து வெளியே வந்து, தவழ்ந்தும் நடந்தும் விடியும்போது வீட்டுக்குப் போயிருக்கிறாள். அம்மா பார்த்து அலறியிருக்கிறாள். அப்பா வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் கொண்டுவந்து தெளித்து, "போயிடு தாயே, உனக்கு இன்னா வேணுமோ செய்றோம், போயிடு" என்று கும்பிட்டிருக்கிறான். "அப்பா என்னைக் கும்புட்டாரு. அதுக்கப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது, நான் செத்துட்டேன்னு" என்றாள்.

நான் என்ன சொல்லியும் அவள் நம்பவில்லை. பசிக்கிறதே, செத்தவர்களுக்குப் பசிக்குமா என்றேன். படையல் எதற்குப் போடுகிறார்கள் என்று திருப்பிக் கேட்டாள். அவள் முழங்காலில் இருந்த காயத்தைக் காட்டி ரத்தம் வந்ததா என்றேன். வந்தது, அதற்கென்ன என்றாள். வெளியே வா என்று கூப்பிட்டேன். "பகல்ல வரக்கூடாது. ஜனங்க பயந்துப்பாங்க" என்றாள். ஊருக்காக அவள் பயந்துகொண்டிருந்தாள். பிறகு என் வயிற்றைப் பார்த்து, "உள்ள இருக்கிறது உசுரோட இருக்கா?" என்று கேட்டாள். தொட்டுப் பார் என்றேன். தயங்கித் தயங்கி வந்து உள்ளங்கையை வைத்தாள். கை ஈரமண்ணைப் போலக் குளிர்ந்திருந்தது. அந்தக் குளிர்ச்சியாலோ என்னவோ, நீ ஓங்கி ஒரு உதை விட்டாய். அவள் கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி வைத்தாள். மறுபடி உதைத்தாய். அவள் முகத்தில் தூசு வெடித்தது. சிரித்தாள். "என்னைத் தெரியுது அவனுக்கு" என்றாள். அன்று மாலை என் புடவை முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு அவள் என்னோடு நம் வீட்டுக்கு நடந்து வந்தாள். தெருவில் எதிரே வந்தவர்கள் சுவரோரம் திரும்பி நின்றுகொண்டார்கள்.

வேலூருக்குத் தகவல் சொன்னேன். இல்லத்துக்கு அனுப்பிவிடு என்றார்கள். ஆனால் தாய் தகப்பன் உயிரோடிருக்கும் பிள்ளையை முதலில் அவர்களிடம் சேர்த்துப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். வீடுதான் பிள்ளைக்கு இடம் என்று நானும் நம்பினேன். மூத்தவள் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படையல் போடுகிற நாளன்று அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். குளிப்பாட்டி, தலைவாரி, நல்ல பாவாடை கட்டியிருந்தேன். வீட்டு மூலையில் விளக்கேற்றி, மஞ்சள் பூசிய பானைமேல் புதுப்பாவாடையும் வளையலும் பூவும் வைத்திருந்தார்கள். உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். கோவிந்தன் கற்பூரத்தைக் கொளுத்திக் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டான்: "அஞ்சல, வாம்மா. வந்து உன் துணிய வாங்கிக்க. உன் அக்காளுக்குத் துணையா நில்லு."

வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "வந்துட்டேம்பா" என்றாள்.

யாரும் கத்தவில்லை. நான் அதற்குத்தான் தயாராக வந்திருந்தேன். கத்துவார்கள், ஓடுவார்கள், பிறகு ஒருவர் தைரியமாகத் தொடுவார், அழுவார்கள், முடிந்துவிடும் என்று. அப்படி நடக்கவில்லை. கோவிந்தன் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் பயமே இல்லை. நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக விழுந்தார்கள். யாரோ ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டு அவளை உட்காரச் சொன்னார்கள். அவள் உட்கார்ந்தாள். கழுத்தில் மாலை விழுந்தது. கற்பூரத்தை அவள் முகத்துக்கு நேரே சுற்றினார்கள். ஒரு கிழவி தன் காணாமல் போன ஆடு எங்கே என்று கேட்டாள். ஒருத்தி தன் பிள்ளையை அவள் காலடியில் போட்டாள். "இங்கயே இரு தாயே, கொல்லையில உனக்கு ஒரு இடம் கட்டறோம்" என்றான் கோவிந்தன். படைத்த சோறு எதிரே இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எடுத்துச் சாப்பிடு என்று ஒருவரும் சொல்லவில்லை. தெய்வம் சாப்பிடாது அல்லவா. கண்ணெதிரே அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக, கொட்டகையில் நான் பார்த்த முகமாக மாறிக்கொண்டிருந்தது. அவர்கள் அவளை விரட்டியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

முனியம்மா மட்டும் விழவில்லை. சுவரில் சாய்ந்து நின்றவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அஞ்சலையின் முன்னால் குந்தி, நெற்றியில் புறங்கையை வைத்தாள். பிறகு கழுத்தில் வைத்தாள், ஜுரம் வந்த பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பது போல. "சூடா இருக்கு" என்றாள் யாரையும் பார்க்காமல். மாலையைக் கழற்றினாள். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்து, படைத்த சோற்றையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தாள். நானும் பின்னால் போனேன். வேலியோரம் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்ட பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"கூட்டிட்டுப் போய்டுக்கா."

"என்ன சொல்ற? உன் பிள்ளை உயிரோட இருக்குது. நீயே தொட்டுப் பாத்துட்ட."

"எனக்கு எப்பவோ தெரியும்க்கா. தூளி ஆடறப்பவே தெரியும். பேர் சொல்லிக் கூப்ட்டா இல்லாம போய்டுவாளோன்னு பயந்து கூப்டாம இருந்தேன்." அழுகையே இல்லாத குரலில் பேசினாள். "இவங்க இவள அடிக்க மாட்டாங்க. வெரட்ட மாட்டாங்க. கும்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. நாளைக்கு மழ பேயலன்னா இவளக் கேப்பாங்க. யாருக்காவது ஒடம்பு முடியலன்னா இவளக் கேப்பாங்க. இங்க இருந்தா இவ சாமியா இருக்கலாம். பொண்ணா இருக்க முடியாது. நீ கூட்டிட்டுப் போய் பொண்ணா வச்சிரு."

கொல்லை வழியாகவே வெளியேறி, அந்தச் சாயங்காலமே வேலூருக்கு ரயிலேறினோம். முனியம்மா ஸ்டேஷனுக்கு வரவில்லை. இல்லத்தில் அவள் வெகுநாள் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டாள் என்றார்கள். எல்லோரும் எழுந்த பிறகு வந்து தின்றுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறைந்துவிடுவாளாம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திடுக்கிடுவாளாம். நீ பிறந்து, உன் அப்பாவுக்கு வேலூருக்கு மாற்றலானதும், அவர்தான் போய் அவளை நம் வீட்டுக்குக் கூட்டிவந்தார். தோல்ஷாப்புக்காரன் பிள்ளை சமையற்கட்டில் நடமாடுகிறாள் என்று நம் சொந்தக்காரர்கள் பலர் நம் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். உன் அப்பா அவர்களுக்குச் சேர்த்து வைத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார். ஆம்பூரில் கோவிந்தன் வீட்டில் கொல்லையில் கட்டிய சிறு மாடம் இன்றும் இருக்கிறதாம். தங்கள் பெண் அங்கே தெய்வமாக இருக்கிறாள் என்று அவர்கள் நம்புகிறார்கள். தை மாதம் பாவாடை வைத்துப் படைக்கிறார்கள். இப்போது அஞ்சலைக்கு முன்தலையில் நரை வந்துவிட்டது. அங்கே அவளுக்கு இன்னும் சிறுபிள்ளைப் பாவாடைதான்.

முனியம்மா அவளை விட்டுவிடவில்லை. கார்த்திகைக் கடைசி ஞாயிறன்று விரிஞ்சிபுரம் கோயில் தீர்த்தத்தில் முழுக்குப் போடப் பிள்ளைவரம் கேட்கும் பெண்கள் திரண்டு வருவார்களே, அந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். அங்கே வருவாள். நான் அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு போவேன். மண்டபத்துத் தூணோரம் அம்மாவும் பெண்ணும் உட்கார்ந்துகொள்வார்கள். முனியம்மா கொண்டுவந்த கூழை அவள் குடிப்பாள். நீ சின்னப்பையனாக அந்தக் கோயில் மதில்மேல் ஏறி விளையாடியிருக்கிறாய். உனக்கு வெல்லம் கொடுத்த அந்த அம்மாள் யார் என்று கேட்டாயே, அவள்தான். மூன்று கார்த்திகைக்கு முன் அவள் வரவில்லை. அதற்கப்புறம் நாங்களும் போகவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பெண் வீட்டார் கெட்டவர்கள் இல்லை. செத்துப் பிழைத்தவள் கை தாலியில் பட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு தாய்க்குப் பயம் வருவது இயல்பு. அவர்கள் சொல்லாத இன்னொரு காரணமும் இருக்கலாம். அவள் பிறந்த வீடு எது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டில் எதை முன்னால் வைத்து எதைப் பின்னால் மறைக்கிறார்கள் என்பதை நீதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் ஒன்றை நினைத்துக்கொள். இத்தனை வருஷம் வீடு வீடாகப் போய்ப் பார்த்ததில், பிள்ளைகளை அடித்த வீடுகள் பலவற்றைத் திருத்த முடிந்திருக்கிறது. ஒருவரை இல்லாதவர் என்று நல்ல மனதோடு தீர்மானித்துவிட்ட வீடுகளைத்தான் என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை. அங்கே யாரும் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள். மரியாதையாகத்தான் ஒதுக்குவார்கள். சித்தப்பா மகள் முடிச்சுப் போடட்டும், அஞ்சலை உள்ளே பலகாரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றால், யாருக்கும் மனம் நோகாது, சபையில் ஒரு குறையும் தெரியாது. உன் பெண்டாட்டியாக வருகிறவள், நம் வீட்டில் யாரைப் பார்க்க வேண்டும், யாரைப் பார்க்காமலிருக்கலாம் என்பதை அன்றைக்கே கற்றுக்கொள்வாள்.

நான் உனக்குக் கட்டளை போடவில்லை. கல்யாணம் உன்னுடையது. என் கண்ணில் புரை விழுந்த பிறகு வீட்டுக்கு வருகிற கடிதங்களை எனக்குப் படித்துக் காட்டுவது அஞ்சலைதான். நீ அதை மறந்துவிட்டாய் போலிருக்கிறது. உன் கடிதத்தையும் அவள்தான் படித்தாள். அந்த இடம் வந்தபோதும் நிறுத்தாமல், மேளக்காரர்களைப் பற்றிப் படித்த அதே குரலில் படித்து முடித்தாள். இதையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். நான் சொன்னதில் ஒரு வார்த்தையையும் அவள் மாற்றவில்லை. முனியம்மா நெற்றியில் கைவைத்த இடத்தில் மட்டும் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய், முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

யோசித்துப் பதில் எழுது. அவள்தான் பிரித்துப் படிப்பாள்.

அம்மா